கண்ணீர் வராத அழுகை

பிறந்த பிள்ளைக்கு உச்சி துடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மகள் பிறந்த சில நாட்களில் மாமி அவளுடைய தலையில் எண்ணெய் வைத்துவிட்டுக் கையை எடுத்தபோது, உச்சியில் ஓரிடம் தானாக ஏறி இறங்குவதைக் கண்டேன். நான் போட்ட சத்தத்தில் மாமியின் கையிலிருந்த எண்ணெய்ச் சிரட்டை கவிழ்ந்து போனது.

"என்ன பிள்ளை? என்னத்தைக் கண்டனீ?"

"அதிலை... அதிலை ஏதோ அசையுது மாமி."

"உச்சி துடிக்குது. எல்லாப் பிள்ளையளுக்கும் உப்பிடித்தான். உனக்கும் துடிச்சதுதான், என்ரை மோனுக்கும் துடிச்சதுதான்."

அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாக வந்தது. பிள்ளையின் தோல் வெங்காயச் சருகுபோல உரிந்தது. பெண் குழந்தையின் சின்ன மார்பில் பால்போல ஒரு துளி கசிந்தது. ஒரு நாளில் எத்தனையோ தரம் தும்மினாள். நித்திரையில் சிரித்தாள், சிரித்த வாய் மூடுமுன் முகம் சுருங்கி விம்மினாள். ஒவ்வொன்றுக்கும் நான் பயந்தேன், ஒவ்வொன்றுக்கும் மாமியிடம் பதில் இருந்தது. தோல் உரிந்தால் பிள்ளை நிறம் மாறப்போகிறது. தும்மினால் தலை தெளிகிறது. நித்திரையில் சிரித்தால், நரி வந்து வெருட்டுகிறது.

நான் படிக்காதவள் அல்ல. விடுதியில் தங்கி ஆங்கிலப் படிப்பு முடித்து, கலியாணத்துக்கு முன் இரண்டு வருடம் பெண்கள் பாடசாலை ஒன்றில் படிப்பித்தும் இருக்கிறேன். சந்திரன் பூமியிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டால் அப்போதே சொல்வேன். என் கைக்குள் கிடந்த இரண்டு சாண் உடம்பைப் பற்றி மட்டும் எனக்கு ஒன்றும் தெரியாது. என் தாய் நான் விடுதியில் இருந்த காலத்திலேயே காலமாகிவிட்டார். அதனால் பிள்ளைப்பேறு பார்க்க என் கணவரின் தாய் தென்மராட்சியிலிருந்து சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். பெற்ற தாயாக இருந்தால் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கேட்டிருப்பேன். மாமியிடம் ஒரு தரந்தான் கேட்க முடியும். ஆகவே எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: மாமியிடம் பதில் உள்ள விஷயத்துக்கு நான் பயப்படத் தேவையில்லை.

முப்பத்தோராம் நாள், பிள்ளை பிறந்த தீட்டு நீங்கும் துடக்குக் கழிவுக்கு வீடு கழுவிச் சொந்தக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். பிள்ளைக்கு முடி இறக்கினார்கள். கத்தி பட்டதும் அவள் கத்திய கத்தலில் கிணற்றடியில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவளை மடியில் வைத்திருந்தவர் என் மச்சாள், கணவரின் தமக்கை. எதையும் பகிடியாக்காமல் விடமாட்டார்.

"எடி கள்ளி! ஊரைக் கூட்டுறாய், கண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணியைக் காணேல்லை! இஞ்சை பாருங்கோ, உவள் நடிக்கிறாள். வளந்தாப் பிறகு கோட்டிலை பொய்ச்சாட்சி சொல்ல விடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குனிந்து பிள்ளையின் கண்களைப் பார்த்தேன். முகம் முழுக்கச் சிவந்து, முகவாய் நடுங்கி, உள்நாக்கு தெரிய அழுகிறாள். கண் இரண்டும் உலர்ந்து கிடந்தன. இமையில் ஈரம் இல்லை. நிமிர்ந்தபோது மாமியும் சிரிக்காமல் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன்.

விருந்தினர் போனபின் கேட்டேன்.

"மாமி, பிள்ளையளுக்குக் கண்ணீர் எப்ப வாறது?"

"அழேக்கை வரும்."

"இவளுக்கு வரேல்லையே."

மாமி உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததை விரித்துத் திரும்பவும் மடித்தார். "என்ரை அஞ்சுக்கும் வந்ததுதானே," என்றார்.

"பிறந்த உடனேயோ?"

"ஆர் பாத்தது பிள்ளை? அழுதால் தூக்கிறது. கண்ணைப் பாத்துக்கொண்டு நிக்கிறதே?"

எல்லாப் பிள்ளைகளுக்கும் உப்பிடித்தான் என்று மாமி சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லாதது அதுதான் முதல் தரம். அப்போது பிடித்த பயம் பல கிழமைக்கு விடவில்லை.

எனக்கு அரைகுறையாகத் தெரிந்தது அந்தப் பயத்துக்கு உரம் போட்டது. பாடசாலையில் சுகாதார பாடத்தில் கண்ணின் படம் வரைந்திருக்கிறேன். வடிவாக வரைந்ததற்கு ஆசிரியை என்னைப் பாராட்டியதும் நினைவிருந்தது. மூக்குப் பக்க மூலையில், இமையின் ஓரத்தில், குண்டூசி முனையளவு ஒரு துவாரம் உண்டு. அதற்கும் கண்ணீருக்கும் ஏதோ தொடர்பு. கண்ணீர் கண்ணைக் கழுவுகிறது. கழுவப்படாத கண் காய்ந்துபோகும். காய்ந்த கண்ணில் வெள்ளை படரும். எங்கள் ஒழுங்கையில் ஒரு கண் வெண்மையாய்ப் போன பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். தினமும் எங்கள் வாசல் படலையைத் தாண்டிப் போவாள். அவளுக்கு அது எப்படி வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்கவும் பயமாக இருந்தது.

அந்தத் துவாரத்தை நினைத்தவுடன் மை நினைவுக்கு வந்தது.

மாமி தானே விளக்குக் கரி பிடித்து, விளக்கெண்ணெயில் குழைத்து வைத்திருந்த மை. பிள்ளையை முழுக வார்த்து, சாம்பிராணிப் புகை காட்டி, இமைக்குள் விரலால் ஓர் இழுப்பு இழுத்துவிடுவார். பிள்ளைக்குக் கண் பெரிதாக வரும் என்று. கரியும் எண்ணெயும் சேர்ந்தால் ஒரு குண்டூசித் துவாரம் அடைபட எவ்வளவு நேரம்? ஒரு மாதமாக நாள் தவறாமல் பூசியாயிற்று. பூச வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எங்களுக்காகத் தன் வீட்டை விட்டு வந்து, எனக்கு மருந்துச் சரக்கு அரைத்துப் பத்தியம் பார்த்து, பிள்ளையின் பீச்சீலை கழுவுகிற மனுசி. மாமி அந்தப் பக்கம் போனதும் நனைத்த துணியால் மையைத் துடைத்து எடுத்தேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏன் பிள்ளை மையை அழிச்சனீ?"

"வேர்வையிலை அழிஞ்சு போச்சுது போல, மாமி."

 அடுத்த நாள் மாமி பிள்ளையை முழுக வார்த்த பிறகு, "மை முடிஞ்சுபோச்சு," என்றார். மைச்சிமிழ் மாடத்தில் இருந்தது. எட்டிப் பார்த்தேன். முக்கால்வாசி இருந்தது. ஆக, அவருக்கும் அதே எண்ணந்தான். உங்களிலை பிழை இல்லை மாமி என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படிச் சொன்னால் நான் அப்படி நினைத்தேன் என்பது வெளியே வந்துவிடும். சொல்லாமல் விட்டால் அவர் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். எது சரி என்று தெரியாமல் சொல்லாமலே விட்டேன்.

பிறகு நான் சோதனை செய்யத் தொடங்கினேன். சாம்பிராணிப் புகை காட்டும்போது தட்டை வழமையைவிடக் கொஞ்சம் கிட்டப் பிடித்தேன். எனக்கும் மாமிக்கும் கண் கரித்து வழிந்தது. பிள்ளை முகத்தைச் சுழித்து அழுதாள். அழுகைக்குக் குறைவில்லை, கண் மட்டும் காய்ந்தபடி. மற்றொரு நாள் பின்னேரம், மாமி கோயிலுக்குப் போயிருந்த நேரம், சின்ன வெங்காயம் நாலைந்தை எடுத்துத் தொட்டிலடியில் வைத்து வெட்டினேன். தோட்டத்திலிருந்து அப்போதுதான் பிடுங்கிப் பிடி கட்டித் தொங்கவிட்ட வெங்காயம், நல்ல காரம். பட்டினத்தில் படிப்பிக்கிற என் கணவர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தபோது, நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நறுக்கிய வெங்காயத்தைத் தொட்டிலுக்கு மேலே பிடித்தபடி நின்றேன்.

"இஞ்சேரும்! பிள்ளைக்கு வெங்காயமே தீத்தப் போறீர்?"

"கண்ணீர் வருதோ எண்டு பாக்கிறன்."

"வந்ததோ?"

"எனக்குத்தான் வந்தது."

அவர் என் கையிலிருந்ததை வாங்கித் தன் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அவருக்கும் வழிந்தது. தாயும் தகப்பனும் கண்ணீரோடு இரண்டு பக்கமும் நிற்க, பிள்ளை எங்களை மாறி மாறிப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டாள். அவர் பலமாகச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. குனிந்து அவளைப் பார்த்தார்.

"மெய்யாத்தான் வரேல்லை," என்றார்.

"விளக்கைக் காட்டினால் பாக்கிறாள். பார்வை இருக்கு. இப்ப இருக்கு. பேந்து...?" என்றேன்.

"பேந்தும் இருக்கும்," என்றார். குரலில் அவ்வளவு உறுதி இல்லை. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்."

இரண்டாம் உலக யுத்த காலம். பெற்றோல் தட்டுப்பாட்டில் வாடகைக் கார் கிடைக்கவில்லை. விடியப்புறம் ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டியில் நானும் மாமியும் பிள்ளையும் ஏறினோம். அவர் சைக்கிளில் கூட வந்தார். மாமி வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தெருவில் கொண்டு திரிந்தால் கண்ணூறு படும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், வண்டி வந்து நின்றதும் எனக்கு முதல் ஏறி இருந்தார். பாதி வழியில், நான் கேட்காமலே சொன்னார்:

"அம்மாள் கோயிலுக்கு வெள்ளியிலை கண்மலர் செய்விச்சுப் போடுறன் எண்டு நேந்தனான்."

"எப்ப மாமி?"

"முடி இறக்கின அண்டைக்கே."



ஆஸ்பத்திரி விறாந்தையில் இருப்பதற்கு நீள வாங்குப் பலகைகள். எல்லாவற்றிலும் பிள்ளைகளோடு பெண்கள். அவர் வெளியே வேப்பமரத்தடியில் நிற்க, நானும் மாமியும் ஒடுங்கி ஓர் ஓரத்தில் இருந்தோம். பக்கத்தில் இருந்தவள் கடற்கரைக் குருநகரிலிருந்து வந்த மீனவப் பெண். கழுத்தில் சிலுவை, மடியில் நித்திரையாய் ஓர் ஆண் குழந்தை.

"பிள்ளைக்கு என்ன வருத்தம், தங்கச்சி?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. "அழுதால் கண்ணீர் வரேல்லை," என்றேன்.

"கண்ணீர் வரேல்லையோ? கண்டறியாத வருத்தமாக் கிடக்கு. எனக்கு இது ஏழாவது, ஒண்டுக்கும் இப்பிடி..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். மடியைப் பார்த்தாள். "பொறு, பாப்பம்," என்று நித்திரையாய்க் கிடந்த பிள்ளையின் உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினாள். பிள்ளை வீறிட்டது. நாங்கள் மூவரும் அதன் கண்ணுக்கு மேலே குனிந்தோம். இல்லை.

"ஏசுவே!" என்றாள்.

எதிர் வாங்கில் இருந்த இளம் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பிள்ளை இருமலுக்கு வந்தது, ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தது. எழும்பி வந்து எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "என்ரையையும் ஒருக்காப் பாருங்கோ அக்கா." அதற்கும் இல்லை. அவள் உடனே ஒப்பாரி வைப்பதுபோலத் தொடங்கிவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு மற்றப் பிள்ளைகளும் அழுதன. அழாதவற்றை அழவைத்தும் பார்த்தார்கள். "இவனுக்கும் இல்லை." "என்ரைக்கும் இல்லையணை!" கடைசி வாங்கில் பல்லு முளைக்கிற வயதுப் பெண்பிள்ளை ஒன்று மற்றப் பிள்ளைகள் அழுவதைப் பார்த்துத் தானும் அழுதது. அதன் கன்னத்தில் தாரை தாரையாக இறங்கி வாய்க்குள் போனது.

"அந்தா வருது!" என்று யாரோ கத்த, விறாந்தை முழுவதும் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது. அதன் தாய் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டாள்.

தாதி ஓடிவந்தார். "இதென்ன மீன் சந்தையே?"

"மீன் சந்தையிலை இவ்வளவு சத்தம் இல்லை அம்மா, எங்கடை பக்கம் வந்து பாருங்கோ," என்றாள் குருநகர்ப் பெண்.

சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் நான் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கழுத்து நின்ற பிள்ளைகளுக்குக் கண்ணீர் வந்தது. கழுத்து நிற்காமல் தலை தொங்கிய பிள்ளைகளில் ஒன்றுக்கும் வரவில்லை. அங்கே இருந்தவரை ஒரு பிள்ளையும் அதற்கு விலக்கில்லை.

"மாமி, சின்னதுகளுக்கு ஒண்டுக்கும் இல்லைப் போல கிடக்கு," என்றேன் மெதுவாக.

மாமி எழும்பி நின்று, வாங்கு வாங்காகப் பார்வையை ஓட்டினார். "ஓம்," என்றார். "ஓம் பிள்ளை."

எனக்கு மூச்சு வந்தது. உடனே, இது தற்செயலாக இருந்தால் என்ற எண்ணமும் வந்தது. அந்தச் சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் மை பூசித்தானே இருக்கிறார்கள்?

எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்குத்தரம்மா இமையைத் திருப்பி, லைட் அடித்து, விரலை அசைத்து அவள் கண் பின்தொடர்கிறதா என்று பார்த்தார். "கண் நல்லாயிருக்கு. அழுகைக்குக் கண்ணீர் வாறது ரெண்டாம் மூண்டாம் மாசத்திலைதான். அதுவரைக்கும் கண் நனையிறதுக்கு வேண்டியது மட்டும் இருக்கும், வழியிறதுக்கு இராது."

"எல்லாப் பிள்ளையளுக்குமோ?"

"எல்லாப் பிள்ளையளுக்கும்."

மாமி பக்கம் பார்க்காமல் கேட்டேன். "மூலையிலை ஒரு சின்னத் துவாரம் இருக்கெல்லோ... அது மையாலை அடைபட்டால்?"

"அது கண்ணீர் வாற வழி இல்லை, போற வழி. கண்ணீர் மேலை, இமைக்குள்ளை ஊறி, அந்தத் துவாரத்தாலை மூக்குக்குள்ளை வடியுது. நீங்கள் அழேக்கை ஏன் மூக்கும் சேர்ந்து வடியிறதெண்டு நினைச்சனீங்கள்?"

நான் ஒன்றும் நினைத்ததில்லை. என் தாய் செத்த நாளிலிருந்து எத்தனை தரம் அழுது மூக்கைத் துடைத்திருக்கிறேன். அது ஏன் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவ்வளவு கவனமாக வரைந்த படத்தில், ஊற்றையும் வடிகாலையும் மாறி நினைத்திருக்கிறேன்.

"மையைக் கண்ணுக்குள்ளை வைக்காதையுங்கோ, நெத்தியிலை வையுங்கோ. இதுக்கும் மைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை," என்றார் டாக்குத்தரம்மா. மாமி தலையாட்டினார். ஆட்டுவதை நிறுத்த அவருக்கு நேரம் பிடித்தது. நான் இன்னும் இருந்த இடத்திலிருந்து எழும்பவில்லை.

"நிச்சயமோ டொக்டர்?"

"அம்மா, மூண்டு மாசம் முடிஞ்சும் வராட்டில் கொண்டுவாங்கோ. இப்ப அடுத்த பிள்ளையைப் பாக்க விடுங்கோ."

விறாந்தையில் குருநகர்ப் பெண் காத்திருந்தாள். சொன்னேன். அவள் அதை வாங்குக்கு வாங்கு கொண்டுபோனாள். மூக்குக் கதையை யாரும் நம்பவில்லை. "கண்ணுக்கும் மூக்குக்கும் என்னடி சம்பந்தம்?" என்று ஒருத்தி கேட்க, "அழுது பார், தெரியும்," என்றாள் இவள். வரும் வழியில் மாமி வெளியே பார்த்துக்கொண்டு, "அஞ்சு பெத்தன். ஒண்டின்ரை கண்ணையும் பாக்கேல்லை," என்றார்.

"மச்சாள் சொல்லாட்டில் நானும் பாத்திருக்க மாட்டன், மாமி."

என்னோடு படிப்பித்தவர்களிடமும் பிறகு கேட்டுப் பார்த்தேன். அங்கே விஞ்ஞான பாடம் எடுத்தவர், மூன்று பிள்ளை பெற்றவர், "அப்பிடியோ?" என்றார். கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இவ்வளவு பேரும் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள்.

மற்றவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல செய்தியைக் கொண்டுபோனார்கள். நான் கொண்டுவந்தது 'வராட்டில்' என்ற ஒரு சொல்லை. பிள்ளை அழும்போதெல்லாம் தூக்குமுன் ஒரு கணம் கண்ணைப் பார்த்தேன். அந்த ஒரு கணம் அவளுக்கு எவ்வளவு நீளம் என்று நினைத்து மனம் குத்தும். ஆனாலும் அடுத்த தரமும் பார்ப்பேன். கழுத்து நிற்கத் தொடங்கியது. கண்ணீர் வரவில்லை. பிறகு ஒரு காலை, பால் கொடுக்கச் சுணங்கியதில் அழுதவளின் வலது கண்ணில் ஒரு துளி திரண்டு நின்றது. நான் மாமியைக் கூப்பிட்டேன். இருவரும் பார்த்தோம். சந்தோசப்பட வேண்டியது. நான் இடது கண்ணைப் பார்த்தேன்.

"அது பேந்து வரும் பிள்ளை," என்றார் மாமி.

"ஒண்டுக்கு வந்து மற்றதுக்கு வராமல் இருக்கலாந்தானே?"

"உனக்கு ஒண்டு தீர்ந்தால் ஒண்டு," என்றார். ஆனால் அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் மாமி இடது பக்கத்திலிருந்தே குனிவதைக் கண்டேன்.

அதற்குப் பிந்திய கிழமையில் ஒரு சனிக்கிழமை. கிணற்றடியில் மாமி காலை நீட்டி, கால்மேல் பிள்ளையைக் கிடத்தி முழுக வார்த்துக்கொண்டிருந்தார். நான் குசினியில் நின்றேன்.

"பிள்ளை! ஓடி வா! இடக்கண்!"

அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பிள்ளை கால்மேல் கிடந்து கத்தினாள். முகம் முழுக்கத் தண்ணீர். இதில் எது கண்ணீர், எது கிணற்றுத் தண்ணீர்?

"வார்த்த தண்ணியாய் இருக்கும், மாமி."

"இல்லை, நான் கண்டனான்."

"துடைச்சுப்போட்டுப் பாப்பம்."

மாமி தன் சீலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தை ஒற்றி எடுத்தார். நெற்றி, கன்னம், இமையோரம், எல்லாம். பிறகு இருவரும் கையைக் கட்டிக்கொண்டதுபோலக் காத்திருந்தோம். பிள்ளைக்குக் குளிர். அவளுக்குக் கோபமும் வந்திருக்க வேண்டும். கால் இரண்டையும் உதைத்து, முன்னொருநாளும் அழாத அழுகை அழுதாள். சத்தம் கேட்டு என் கணவர் வாயில் பற்பொடியோடு ஓடிவந்தார்.

"என்ன இது? பிள்ளையைக் கத்தவிட்டிட்டு ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"சத்தம் போடாதை மோனை," என்றார் மாமி. "வருது."

இடது கண்ணின் வெளி மூலையில் அது திரண்டது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு கன்னப்பொட்டு வழியாகக் காதுப் பக்கம் வழிந்தது. அது காதுமடலைத் தொட்ட பிறகுதான் மாமி பிள்ளையைத் துவாயில் சுற்றி என் கையில் தந்தார்.